புளூபெர்ரி கெடாவில் காய்க்குமா? தொட்டியில் வளர்க்க நினைப்போர் அறிய வேண்டியவை

சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் பேரங்காடிகளில் 125 கிராம் பெட்டிகளாக விற்கப்படும் புளூபெர்ரி, இன்று தோட்டப்புறப் பிள்ளைகளும் பெயர் சொல்லிக் கேட்கும் பழமாகிவிட்டது. ஒரு கைப்பிடிப் பழத்துக்கு இவ்வளவு விலையா என்று மலைப்பவர்கள், ஒரு செடியை வாங்கி வாசலில் வைத்துவிட்டால் என்ன என்று யோசிப்பது இயல்பு. அந்த ஆசையை நம்பித்தான் இணைய அங்காடிகளில் விதைப் பொட்டலங்களும் கன்றுகளும் விற்பனைக்கு வருகின்றன.

கெடாவில் புளூபெர்ரி வளருமா என்ற கேள்விக்கு நேரான பதில் இது: செடி வளரும், நன்றாகக் காய்ப்பது அரிது, விதையிலிருந்து முயல்வது பெரும்பாலும் வீண் செலவு. மண் நமக்குச் சாதகமாக இருக்கிறது. இரவு வெப்பம்தான் பாதகமாக இருக்கிறது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டு இறங்குபவர்களுக்குப் பணமும் மிஞ்சும், ஏமாற்றமும் குறையும்.

காட்டுப் புதர் தோட்டப் பயிரான கதை

புளூபெர்ரி வட அமெரிக்கக் காடுகளின் செடி. தமிழில் இதற்கு அவுரிநெல்லி என்ற பெயரும் வழங்குகிறது. அவுரி, நீலச் சாயம் எடுக்கும் செடி. பழத்தின் நிறத்தையும் உருவத்தையும் வைத்து அமைந்த பெயர் இது. மற்றபடி நெல்லிக்கும் இதற்கும் தாவர உறவு கிடையாது. இது வக்சினியம் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதே பேரினத்தின் ஓர் உறவுச் செடி நீலகிரி, கொடைக்கானல் சோலைக் காடுகளில் இயற்கையாகவே வளர்கிறது. மலேசியாவின் உயர்ந்த மலைகளிலும் வக்சினியம் இனங்கள் உண்டு. நம் வட்டாரத்தில் இந்தக் குடும்பம் மலையின் குளிரைத் தேடியே குடியிருக்கிறது என்பதை இங்கேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை புளூபெர்ரி பெரும்பாலும் காட்டில் பறிக்கும் பழமாகவே இருந்தது. காட்டிலிருந்து பெயர்த்து வந்து நல்ல தோட்ட மண்ணில் நட்டால் அது செத்துப்போகும். ஏன் என்பதை அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் 1910-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். மற்ற பயிர்களுக்கு நல்லது என்று கருதப்படும் சுண்ணாம்பும் தொழுவுரமும் இந்தச் செடிக்கு எமன். இதற்கு வேண்டியது புளிப்பான, அதாவது அமிலத்தன்மை கொண்ட மண்.

அந்த ஆய்வைப் படித்த எலிசபெத் வைட் என்ற பெண்மணி, நியூ ஜெர்சி மாநிலத்தில் தம் குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்தில் அவருடன் சேர்ந்து 1911-இல் முயற்சியைத் தொடங்கினார். காட்டில் பழம் பறிக்கப் போகிறவர்களிடம், மிகப் பெரிய பழம் தரும் புதரைக் காட்டித் தரும்படி கேட்டார். காட்டித் தந்தவர்களுக்குப் பணம் கொடுத்ததோடு, அவர்கள் பெயரையே புதருக்கும் சூட்டினார். ரூப் லீக் என்பவர் காட்டிய புதரே 'ரூபெல்' ரகம். இன்றும் அது பயிரிடப்படுகிறது. 1916-இல் முதல் வணிக அறுவடை சந்தைக்கு வந்தது. நம் தோட்டங்களில் வழங்கும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற பால்மர ரகங்கள் ஆராய்ச்சிக் கழகத்தின் பெயரைத் தாங்கியவை. அங்கே ஒரு புதருக்குக் காடறிந்த ஒரு மனிதரின் பெயர் கிடைத்தது.

தோட்ட மண்ணும் பால் உறையும் புளிப்பும்

மண்ணின் புளிப்பை அளப்பது பி.எச். என்னும் குறியீடு. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போக அமிலம் கூடும். மேலே போனால் காரம் கூடும். ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு வேறுபாடு உண்டு.

பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மங்கிலிருந்து வாளிக்கு வரும் புதுப் பாலின் பி.எச். ஏறக்குறைய 6.5 முதல் 7 வரை இருக்கும். அதில் ஃபார்மிக் அமிலம் கலந்து 5-க்கு அருகே இறக்கும்போது பால் உறைகிறது. புளூபெர்ரிக்கு ஏற்ற மண்ணின் அளவு 4.5 முதல் 5.5 வரை. அதாவது, பால் உறையும் புளிப்பும் இந்தச் செடி விரும்பும் புளிப்பும் ஏறத்தாழ ஒன்றே. இதைக் கேட்டுவிட்டு அந்த அமிலத்தைத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது, வேர் வெந்துவிடும். கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து.

நம் நாட்டில் பால்மரமும் செம்பனையும் நிற்கும் நிலங்கள் பெரும்பாலும் இயல்பிலேயே புளிப்பானவை. பல மழைக்காலங்கள் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டதே காரணம். எனவே மண்ணின் புளிப்பைப் பொறுத்தவரை தோட்டப்புறத்து வீட்டுக்கு ஓர் அனுகூலம் உண்டு.

தோட்டத்தை விட்டு நகரத்துத் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தவர்களின் நிலை வேறு. புதிய வீடமைப்புப் பகுதிகளில் முற்றத்து மண்ணில் சிமெண்டும் செங்கல் துண்டும் சாந்தும் கலந்து கிடக்கும். இவை மண்ணைக் காரமாக்கும். பாலிங், கோடியாங் போன்ற சுண்ணாம்புக் குன்றுகள் உள்ள வட்டாரங்களிலும் மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. சமவெளியின் வயல் களிமண், நீர் வடியாததால் ஒத்துவராது. ஆகவே தரையில் நடுவதைவிடத் தொட்டியே யாருக்கும் பாதுகாப்பானது. தொட்டியில் மண்ணை நாம் தீர்மானிக்கலாம். வீடு மாறினால் செடியும் கூடவே வரும்.

இரவு வெப்பம்தான் சிக்கல்

குளிர்நாட்டு ரகங்கள் குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்குபவை. 7 பாகை செல்சியசுக்குக் குறைவான குளிர் பல நூறு மணி நேரம் கிடைத்தால்தான் அவற்றின் மொட்டு விழித்துப் பூக்கும். கெடாவில் அந்தக் குளிர் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.

இதற்கு மாற்றாக, குளிர்த் தேவை குறைந்த ரகங்கள் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உருவாக்கப்பட்டன. புளோரிடாவில் காடாக வளரும் பசுமை மாறாச் செடி ஒன்றுடன் ஒட்டுறவு செய்து எடுக்கப்பட்டவை இவை. புளோரிடா பல்கலைக்கழகம் 1976-இல் வெளியிட்ட 'ஷார்ப்புளூ', மிசிசிப்பியில் அமெரிக்க வேளாண் துறை 1998-இல் வெளியிட்ட 'பைலோக்சி' ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. 'மிஸ்டி' என்ற ரகமும் இந்த வகையே.

பைலோக்சி ரகம் பெரு நாட்டில் பெருமளவில் பயிரிடப்பட்டது. இன்று புளூபெர்ரி ஏற்றுமதியில் உலகில் முன்னணியில் நிற்பது அந்த நாடுதான். பெருவும் நிலநடுக்கோட்டுக்கு அருகில்தானே இருக்கிறது, அங்கே காய்ப்பது இங்கே காய்க்காதா என்று விற்பனையாளர்கள் கேட்பதுண்டு. வரைபடத்தில் அது சரி. ஆனால் பெருவின் கடற்கரையைக் குளிர்ந்த கடல் நீரோட்டம் தழுவிச் செல்கிறது. அங்கே வானம் வறண்டது, இரவு குளிர்ந்தது. கெடா சமவெளியில் இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை.

பகலில் இலை தயாரிக்கும் சர்க்கரையை, இரவு வெப்பமாக இருந்தால் செடி தன் சுவாசத்துக்கே அதிகம் செலவழித்துவிடுகிறது. பழத்துக்குப் போக வேண்டிய இனிப்பு குறைகிறது. பூமொட்டு உண்டாவதற்கும் மிதமான வெப்பமும் குறுகிய பகலும் உதவுகின்றன. 21 பாகையில் வளர்ந்த செடிகளைவிட 28 பாகையில் வளர்ந்தவை குறைவாகவே மொட்டு வைத்தன என்று தென்மாநில ரகங்களில் நடந்த ஆய்வு காட்டியுள்ளது. நம் ஊரில் பகலின் நீளமும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரமே.

இதன் பொருள், குளிர்த் தேவை குறைந்த ரகத்தைக் கவனமாக வளர்த்தாலும் சமவெளியில் எதிர்பார்க்கக்கூடியது பச்சைப் புதரும், அவ்வப்போது சில பூக்களும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கைப்பிடிப் பழமும்தான். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் மேற்பகுதியிலோ கேமரன் மலையிலோ வாய்ப்பு அதிகம். கீழே, பீடோங்கிலும் பாடாங் செராயிலும் இது பொழுதுபோக்குச் செடி. வருமானம் தரும் பயிர் ஆகாது. கன்று விற்பவர் பேச்சை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கி நூறு தொட்டி வைப்பது அறவே கூடாது.

விதைப் பொட்டலத்தை நம்பலாமா?

வேண்டாம். காரணங்கள் இவை.

புளூபெர்ரி விதை கடுகைவிடச் சிறியது; பழுப்பு நிறமானது. நீல நிறத்திலோ பட்டாணி அளவிலோ விதையைக் காட்டி விற்றால் அது வேறு எதுவோ.

விதை முளைக்கப் பொதுவாகப் பல வாரக் குளிரூட்டல் தேவைப்படும். முளைத்தாலும் காய்ப்புக்கு வர ஆண்டுகள் ஆகும். தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. பேரங்காடிப் பழத்திலிருந்து எடுத்த விதைக்கும் இது பொருந்தும். பிள்ளைகளின் பள்ளிச் செயல்திட்டமாகச் செய்து பார்க்கலாம், பழத்தை எதிர்பார்க்கக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து விதையோ கன்றோ தருவிப்பதற்குச் சட்டப்படி அனுமதி தேவை. 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் இதைக் கட்டுப்படுத்துகிறது. நுழைவாயில்களில் அதிகாரிகள் கண்காணிக்கிறார்கள். ஒரு பொட்டலத்தோடு வரும் பூச்சியோ பூசணமோ அக்கம்பக்கத்துப் பயிரையும் அழிக்கக்கூடும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

உள்நாட்டு நாற்றங்காலில் ரகத்தின் பெயர் எழுதிய, வேர் பிடித்த கன்றை நேரில் பார்த்து வாங்குவதே சரி. ரகப் பெயர் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். தொட்டியின் அடித்துளையில் வெளிறிய புது வேர் தெரிகிறதா, தண்டின் அடி உறுதியாக இருக்கிறதா, இலையின் பின்புறம் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இயன்றால் இரண்டு வெவ்வேறு ரகங்கள் வாங்கலாம். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்குச் சேர்ந்தால் பழம் பெரிதாகும்.

தொட்டியும் மண் கலவையும்

சிறு கன்றுக்கு 8 முதல் 10 அங்குலத் தொட்டி போதும். ஓர் ஆண்டில் 16 அங்குலத் தொட்டிக்கு மாற்றலாம். வேர் ஆழமாகப் போகாது, பக்கவாட்டில் பரவும். எனவே ஆழத்தைவிட அகலம் முக்கியம். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் சூடேறி வேரை வாட்டும். வெளிர் நிறத் தொட்டியோ துணித் தொட்டியோ நல்லது. சிமெண்டுத் தரையின் மேல் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல்மீது தூக்கி வைத்தால் சூடும் குறையும், நீரும் வடியும்.

கலவைக்கு, சுண்ணாம்பு சேர்க்காத பீட் மாஸ் இரண்டு பங்கு, தென்னை மட்டைத் துண்டுகளோ பைன் மரப்பட்டையோ ஒரு பங்கு, பெர்லைட் அல்லது கரடுமுரடான ஆற்று மணல் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் பல கலவைகளில் ஏற்கெனவே சுண்ணாம்பு சேர்க்கப்பட்டிருக்கும். பையின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். தென்னை நார்த்தூளைப் பயன்படுத்தினால் இரண்டு மூன்று முறை நீரில் அலசி உப்பைப் போக்கிய பிறகே சேர்க்க வேண்டும்.

நெல் விளையும் கெடாவில் கருக்கிய உமி எளிதாகக் கிடைக்கிறது. மற்றச் செடிகளுக்கு அது நல்லது. ஆனால் அது காரத்தன்மை உடையது. புளூபெர்ரித் தொட்டிக்குள் போகக் கூடாது. அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு, டோலமைட், கோழிச்சாணம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். பாட்டி காலத்துக் கைவைத்தியமெல்லாம் கத்தரிக்கும் முருங்கைக்கும் உதவும். இந்தச் செடிக்கு உதவாது.

மண்ணின் பி.எச். அளவைச் சோதனைத் தாளோ மீன்தொட்டிக்கான திரவச் சோதனைப் பொருளோ கொண்டு பார்க்கலாம். மண்ணில் குத்தும் மலிவான கருவிகள் பெரும்பாலும் சரியான அளவைக் காட்டுவதில்லை. அளவு கூடியிருந்தால் கந்தகத் தூளைச் சிறிதளவு சேர்க்கலாம். பால்மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில் சாம்பல் நோயைத் தடுக்க மரங்களுக்குத் தூவப்பட்ட அதே கந்தகம்தான். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல அமிலமாக்கும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். அவசரப்பட்டு மேலும் மேலும் கொட்டக் கூடாது.

வெயிலும் நீரும்

கிழக்குப் பக்கம் சிறந்தது. காலை வெயில் 11 மணிவரை பட்டால் போதும். அதன்பின் நிழல் வலையோ மரநிழலோ வேண்டும். அடுக்குமாடியில் மேற்கு பார்த்த மாடம் என்றால் பிற்பகல் வெயிலை மறைக்க ஏற்பாடு செய்யாமல் செடி வாங்கக் கூடாது.

மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். நீர் தேங்கக் கூடாது. தேங்கினால் பூசணம் தாக்கி வேர் அழுகும். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் காலை மாலை இரு வேளையும் ஊற்ற நேரிடும்.

மழை நீரே மிகச் சிறந்தது. குழாய் நீர் பெரும்பாலும் நடுநிலையாகவோ சற்றுக் காரமாகவோ இருப்பதால், மாதக்கணக்கில் ஊற்றும்போது தொட்டியின் புளிப்பு குறைந்துவிடும். மழை நீரைப் பிடித்து வைப்பவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது, ஏடிஸ் கொசு. திறந்த தொம்பிலும் தொட்டியின் அடித்தட்டிலும் தேங்கும் நீரில் டிங்கிக் கொசு முட்டையிடும். தொம்பை நெருக்கமான வலையால் மூட வேண்டும். அடித்தட்டை அகற்றிவிடுவது நல்லது. கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரருக்கு அபராதம் விதிக்கப்படலாம்.

இரண்டாவது, தோட்டத்துக் களைக்கொல்லிக் கலன்கள். மருந்து வந்த பழைய கலன்களைக் கழுவிவிட்டு நீர் பிடித்து வைக்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டிருந்தாலும், அது வந்த பழைய கலன் எந்தக் கொட்டகையிலும் கிடக்கலாம். அந்த நீர் செடிக்கும் ஆகாது. பழத்தைத் தின்னும் பிள்ளைக்கும் ஆகாது. தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாளில் காற்று வீட்டுப் பக்கம் வீசினால் தொட்டியை உள்ளே எடுத்து வைப்பது நல்லது.

உரம்: செம்பனை உரம் வேண்டாம்

இந்தச் செடிக்கு அம்மோனியம் வடிவிலான தழைச்சத்துதான் பிடிக்கும். நைட்ரேட் வடிவம் அவ்வளவாகப் பிடிக்காது. அம்மோனியம் சல்பேட் மலிவானது. மண்ணின் புளிப்பையும் காக்கும். இளஞ்செடிக்கு மாதம் ஒரு முறை அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக நீரில் கரைத்து, ஈரமாக இருக்கும் மண்ணில் ஊற்றினால் போதும். கொஞ்சம் குறைந்தால் செடி பொறுக்கும், கூடினால் பொறுக்காது.

செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு. புளூபெர்ரி அதைத் தாங்காது. இலை ஓரம் கருகி உதிரும். தோட்டத்தில் மிஞ்சியது என்று ஒரு பிடி அள்ளி வந்து தொட்டியில் போட்டால் செடியின் கதை முடிந்தது. சாம்பல் சத்து தேவையென்றால் பொட்டாசியம் சல்பேட் வாங்கிப் பயன்படுத்தலாம்.

பூவும் காயும்

முதல் ஆண்டில் வரும் பூக்களைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராதுதான். ஆனால் அப்போதுதான் வேரும் கிளையும் வலுக்கும்.

பூ, தலைகீழாகத் தொங்கும் சிறு மணி போன்றது. மகரந்தம் உள்ளே சிறு குழல்களில் அடைபட்டிருக்கும். வண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்தால் நன்றாக உதிரும். கருவண்டுகள் வராத மாடிவீடுகளில், முற்பகலில் பூவை விரலால் மெல்லத் தட்டி, உதிரும் தூளை மெல்லிய தூரிகையில் எடுத்து அடுத்த செடியின் பூவில் தொட்டு வைக்கலாம்.

பூத்ததிலிருந்து பழுக்க ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும். நீலமானவுடன் பறித்துவிடக் கூடாது. காம்பருகே சிவப்பு முழுவதும் மறைந்து, சில நாள் கழித்து, தொட்டால் கையில் விழும்போதே இனிப்பு நிறைந்திருக்கும். பறித்தபின் இது மேலும் இனிப்பதில்லை. தோலின் மேல் படிந்திருக்கும் வெண்பொடி இயற்கையான மெழுகு, மருந்து அல்ல. மைனாவும் கொண்டைக்குருவியும் நமக்கு முன்பே பழத்தைக் கண்டுபிடித்துவிடும் என்பதால் வலை போடுவது அவசியம். குரங்கு வரும் இடமென்றால் வலையும் உதவாது. வீட்டையொட்டி வைப்பதே வழி.

இலை சொல்லும் சேதி

புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், மண்ணின் புளிப்பு குறைந்து இரும்புச் சத்தை வேரால் எடுக்க முடியவில்லை என்று பொருள். உரம் போட்டுப் பயனில்லை, பி.எச். அளவைச் சரி செய்ய வேண்டும்.

அடி இலைகள் ஒட்டுமொத்தமாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு.

இலை ஓரம் கருகினால் உப்போ உரமோ கூடிவிட்டது. அல்லது நீர் போதவில்லை. நிறைய மழை நீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் அழுகல். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்து, கறுத்த வேரை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் மாற்றலாம். பிழைப்பது பாதிக்குப் பாதி.

இலையின் பின்புறம் செம்பொடி படிந்தால் துரு நோய். அந்த இலைகளை அகற்றி, மாலையில் இலைமேல் நீர் தெளிப்பதை நிறுத்த வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மருந்தா?

புளூபெர்ரியைப் பலர் தேடுவதற்கு இன்னொரு காரணம், அது நீரிழிவைக் குணப்படுத்தும் என்று பகிரப்படும் செய்திகள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக அந்த விழுக்காடு அதிகம் காணப்பட்டது இந்தியர்களிடையே. ஆகவே இது நம் வீடுகளைத் தொடும் செய்தி.

புளூபெர்ரியின் நீல நிறத்துக்குக் காரணமான அந்தோசயனின் உடலுக்கு நன்மை தரக்கூடியது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. ஆனால் அது மருந்துக்கு மாற்று அன்று. 100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரையும் உள்ளது. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழத்தை நம்புவது ஆபத்து. வைட்டமின் சி வேண்டுமென்றால், 100 கிராம் புளூபெர்ரியில் உள்ளது சுமார் 10 மில்லிகிராம். அதே எடை கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல். கொல்லைக் கொய்யாவுக்குக் கப்பல் செலவும் கிடையாது.

நம் மண்ணின் கெமுந்திங்

வெப்பத்துக்கு அஞ்சாத கருநீலப் பழம்தான் வேண்டுமென்றால் கெமுந்திங் உண்டு. மணற்பாங்கான, புளிப்பான திறந்த நிலங்களில் தானாக வளரும் புதர் அது. இளஞ்சிவப்புப் பூவும், வெல்வெட் போன்ற தோலும், தின்றால் நாக்கைச் சாயமேற்றும் கருஊதாப் பழமும் அதன் அடையாளம். தைப்பிங்குக்கு அருகில் உள்ள கமுந்திங் நகரம் இந்தச் செடியால் பெயர் பெற்றது. ஊட்டி, கொடைக்கானல் பகுதிகளில் தவிட்டுப் பழம் என்று விற்கப்படுவதும் இதுவே. கொய்யா, நாவல், ஜம்பு ஆகியவற்றின் குடும்பம்.

புளூபெர்ரிக்குச் சொன்ன புளிப்பு மண்ணே இதற்கும் பிடிக்கும். ஆனால் முழு வெயில் வேண்டும், உரம் அதிகம் வேண்டாம். நிழல் வலையும் குளிரும் தேவையில்லை. நிலங்கள் திருத்தப்பட்டு, வீடுகளும் தொழிற்சாலைகளும் எழும்போது முதலில் மறையும் புதர்களில் இதுவும் ஒன்று. காட்டிலிருந்து பிடுங்கி வரக் கூடாது. வனக் காப்பகங்களில் அது குற்றமும் ஆகும். நாற்றங்காலில் கன்று வாங்கலாம், அல்லது பழுத்த பழத்தின் விதையைத் தூவி முளைக்க வைக்கலாம்.

விரைவில் பழம் பார்க்க விரும்புவோருக்கு மல்பெரி எனப்படும் முசுக்கொட்டை இருக்கிறது. ஒரு சாண் குச்சியை ஊன்றினால் துளிர்க்கும். கிளையை வெட்டி இலைகளை உருவிவிட்டால் புதுத் துளிரோடு காயும் வரும். தொட்டியிலேயே, ஓர் ஆண்டுக்குள் பழம் பறிக்கலாம்.

தொடங்குபவர்களுக்கு

புளூபெர்ரியை முயன்று பார்க்கத்தான் போகிறோம் என்பவர்கள் இரண்டு கன்றுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மழை தொடங்கும் ஆகஸ்டு, செப்டம்பரில் நட்டால், ஜனவரி வறட்சி வருவதற்குள் வேர் பிடித்துவிடும். மூன்றாவது தொட்டியில் ஒரு கெமுந்திங் வைக்கலாம். நடும் நாள், உரமிட்ட நாள், பூத்த நாள் ஆகியவற்றை நாள்காட்டியில் குறித்து வைத்தால், எந்த ரகம் இந்த வெப்பத்தைத் தாங்குகிறது என்பது அடுத்து முயல்பவருக்கும் தெரியும். மண், பூச்சி பற்றிய ஐயங்களுக்கு மாவட்ட விவசாயத் துறை அலுவலகத்தை அணுகலாம்.

இரண்டு ஆண்டு கழித்தும் புளூபெர்ரி காய்க்கவில்லை என்றால் அது வளர்த்தவரின் கைராசிக் குறை அல்ல; கெடாவின் இரவு அப்படி. புளிப்பு மண் நிரப்பிய அதே தொட்டியில் அடுத்த கெமுந்திங்கை நட்டுவிடலாம்.